திரும்பாத சில்லு

சீதேவிப்பிள்ளை ஒருநாள் தன் கராஜுக்கு வந்து நிற்பாள் என்று லூர்து நாலரை வருசமாகப் பயந்துகொண்டிருந்தான். அவள் வந்த அன்று அவன் ஒரு டிராக்டரின் அடியில் மல்லாந்து கிடந்தான். இரண்டாயிரத்து ஒன்பது, ஆனி மாதம். கச்சான் காற்று வாவிப் பக்கமிருந்து வந்து மெயின் றோட்டுப் புழுதியைக் கண்ணுக்குள் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் அவனுக்குத் தெரிந்தவை அவளுடைய கால்கள். வலது கணுக்காலுக்கு மேலே கார்க் கதவு கிழித்த தழும்பு நீளமாகக் கிடந்தது. அதைக் கண்டதும் கையிலிருந்த நட்டுக் கழற்றும் சாவி நழுவி நெஞ்சில் விழுந்தது.

“தம்பி லூர்து, வெளிய வா. ஒரு கதை கிடக்கு.”

அவன் ஊர்ந்து வெளியே வந்து பழந்துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தான்.

“இருங்க அக்கா.”

“இருக்க வரல்ல. உதயன் உசிரோட இருக்கானாம்.”

அவளுடைய ஒரே மகன் வன்னிப் பக்கம் போய் மூன்று வருசமாகியிருந்தது. சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வன்னியிலிருந்து வந்த சனங்களைச் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் வைத்திருப்பதாக றேடியோ சொல்லிற்று. பெரியகல்லாற்றிலும் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் பல. அந்த வீடுகளில் அப்போது ஒருவரும் நேரத்துக்குச் சாப்பிடவில்லை.

“ஆர் அக்கா சொன்னது?”

“மட்டக்களப்பில இருந்து ஒரு ஆள் வந்தான். கேம்புக்குள்ள போய் வாறவனாம். உதயன்ட முழுப் பேரும் சொன்னான், நெத்தியில உள்ள காயமும் சொன்னான். அவனக் கம்பிக்கு வெளிய எடுத்துத் தரலாமாம்.”

“என்ன கேக்கான்?”

அவள் றோட்டைப் பார்த்தபடி சொன்னாள். “காரக் கேக்கான். கொழும்பில ஒரு பெரிய ஆளாம், இப்பிடிப் பழைய கார்களச் சேர்த்து வைக்கிறவராம். அவருக்குக் குடுத்தா அவர் ஒரு வார்த்த சொல்லுவாராம், புள்ளய விட்டுடுவாங்களாம். ஆனா ஓடுற காரா இருக்கோணும். இழுத்துக்கொண்டு போற கார் வேணாமாம்.”

பிறகு லூர்துவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஓட வைப்பியா?”

அந்தக் காரைத் தெரியாதவர்கள் களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனை வரைக்கும் இருக்கமாட்டார்கள். கொழும்பில் எம்பஸியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. சீதேவிப்பிள்ளையின் மாமனார் இரண்டு வெள்ளாமைக் காசையும் கொட்டி அதை வாங்கிக்கொண்டு வந்தார். சிவப்பு நிறம், நீளமான மூக்கு, இரண்டே கதவு. ஸ்டியரிங் இடப்பக்கம். முடுக்கினால் எட்டுச் சிலிண்டரும் சேர்ந்து உறுமுகிற உறுமலில் வேலிக் கோழிகள் பறந்துவிடும். மாமனாருக்குப் பிறகு சீதேவிப்பிள்ளையின் புருசன் வினாயகமூர்த்தி அதைக் கலியாண வீடுகளுக்கும் ஹயருக்கும் ஓட்டினான். சென்றிப் பொயின்றுகளில் ஆமிக்காரன்கூட அடையாள அட்டையைப் பார்க்குமுன் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பான். பெற்றோலைத் தண்ணியாய்க் குடிக்கிற அந்தக் காரை விற்றுவிடச் சொல்லாத ஆளில்லை. வினாயகமூர்த்தி சிரித்துக்கொண்டே இருந்துவிட்டான்.

இரண்டாயிரத்து நாலு, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல்நாள் மத்தியானம், அவன் காரைக் கொண்டுவந்து லூர்துவிடம் நிறுத்தினான்.

“ஸ்டியரிங் ஆடுது லூர்து. கால்வாசிச் சுத்துச் சுத்தின பிறகுதான் சில்லுத் திரும்புது.”

லூர்து குனிந்து பார்த்ததுமே கண்டுகொண்டான். கையால் பிடிக்கிற ஸ்டியரிங் தண்டும், கீழே சில்லுகளைத் திருப்புகிற பெட்டியும் அந்தக் காரில் இரும்போடு இரும்பாகப் பூட்டியிருக்காது. நடுவில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட றப்பர் இருக்கும். துணி அடுக்கு வைத்து வார்த்த கெட்டி றப்பர். நாலு போல்ட்டில் இரண்டு மேல் தண்டைப் பிடிக்கும், இரண்டு கீழ்ப் பெட்டியைப் பிடிக்கும். அதைத்தான் கப்ளிங் என்பார்கள். றோட்டின் அதிர்ச்சி கைக்கு ஏறாமல் அது வாங்கிக்கொள்ளும். முப்பத்தைந்து வருச வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் அந்த றப்பர் வெடித்து, நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடினாலும் கிடைக்காத சாமான். பழைய லொறி டயரில் துணிக்கட்டுள்ள இடமாகப் பார்த்து வெட்டினால் தாங்கும். லூர்துவிடம் அன்று லொறி டயர் இருக்கவில்லை. மூலையில் கிடந்தது தேய்ந்த வான் டயர் ஒன்று. கோயிலில் பாலன் குடில் கட்ட அவனை ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அவன் வான் டயரின் பக்கத்தை வட்டமாக வெட்டி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நாலு ஓட்டை போட்டு, அரை மணித்தியாலத்தில் பூட்டிவிட்டான்.

“அண்ணே, இது கனநாள் தாங்காது. நத்தார் முடியட்டும், நல்ல றப்பர் போட்டுத் தாறன். அதுவரைக்கும் மெல்லமாப் போங்க. கன ஆக்கள ஏத்தாதீங்க.”

“நாளைக்கு மட்டக்களப்புக்கு ஒரு ஹயர் இருக்கு. அவ்வளவுதான்.”

லூர்து சொன்னான்தான். அதில் பொய்யில்லை. ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னான். பயப்படுத்திச் சொல்லவில்லை.

மறுநாள் கழிந்து ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. லூர்துவும் பெண்சாதி பிலோமினாவும் பள்ளிக்கூட மாடிக்கு ஓடித் தப்பினார்கள். வினாயகமூர்த்தி வாசலில் நின்ற காரில் சீதேவிப்பிள்ளையையும், மகன் உதயரூபனையும், மகள் கம்சாயினியையும், அயல்வீட்டுக் கிழவனையும் கிழவியையும் ஏற்றிக்கொண்டு பாலத்துப் பக்கம் விட்டான். பெரியகல்லாறு ஒரு ஒடுக்கமான நிலம். கிழக்கே கடல், மேற்கே வாவி. பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் றோட்டு இடப்பக்கம் வளையும். கார் வளையவில்லை. நேரே போய் வாவிக்குள் இறங்கிற்று. பின்னாலேயே கடல் வந்து அதன்மேல் ஏறியது. தாயும் மகனும் மட்டும் கண்டல் மரத்தைப் பிடித்துக்கொண்டு மிஞ்சினார்கள்.

ஒன்பதாம் நாள் டிராக்டர் கட்டிக் காரை இழுத்தார்கள். சங்கிலி கட்டப் போனவன் லூர்து. சேற்றுக்குள் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். ஸ்டியரிங் முழுக்க இடப்பக்கம் சுற்றிக் கிடந்தது. முன்சில்லு இரண்டும் நேராக நின்றன. பார்த்துக்கொண்டிருந்த சனங்களில் ஒருவருக்கும் அதன் கருத்து விளங்காது. அவனுக்கு விளங்கிற்று. கையை உள்ளே விட்டு ஸ்டியரிங்கைத் தொட்டான். தறிகெட்ட பம்பரம் மாதிரி அது சுழன்றது. அதை நேராகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் சங்கிலியைக் கட்டினான்.

யாரிடமும் சொல்லவில்லை. பிலோமினாவிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளில் நின்று வேறு பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தான். காரைச் சீதேவிப்பிள்ளையின் வளவில் கொண்டுபோய் விட்டு, எஞ்சினுக்குள் டீசல் ஊற்றிக் கழுவினான். சிலிண்டர்களுக்கு எண்ணெய் விட்டான். நிவாரணத்துக்கு வந்த தறப்பாளால் மூடினான். மாதம் ஒருக்கால் அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போய் எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டு வருவான். ஸ்டியரிங் பக்கம் மட்டும் கை போகவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் உதயரூபன் வெள்ளாமை வெட்டுக்கென்று வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல் வட்டைக்குப் போனான். பதினாறு வயது. தகப்பன் இல்லாத வீட்டுக்கு அரிசி கொண்டுவரப் போனவன். அங்கே இயக்கம் பிடித்துக்கொண்டு போயிற்று. ஒரு வருசம் கழித்து வன்னியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

சீதேவிப்பிள்ளை கராஜுக்கு வந்துபோன மறுநாளே லூர்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு அவள் வளவுக்குப் போனான். பதினெட்டு நாள் வேலை. கார்பரேற்றரைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. வயர்களை எலி தின்றிருந்தது. பெற்றோல் தாங்கியின் அடி இறைச்சித் துண்டு மாதிரிப் பிய்ந்து வந்தது. பிறேக் குழாய்களை மட்டக்களப்பில் வளைத்துக்கொண்டு வந்தான். மத்தியானத்தில் சீதேவிப்பிள்ளை பிட்டும் இறால் சொதியும் கொண்டுவந்து வேப்ப மரத்தடியில் வைப்பாள். அவன் தின்றுமுடியும் வரைக்கும் சற்றுத் தள்ளி நின்று காரையே பார்ப்பாள். அதிகம் கதைப்பதில்லை. பத்தாம் நாள் எஞ்சின் இருமிற்று. பன்னிரண்டாம் நாள் பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டு அயலட்டைச் சனம் வேலியடிக்கு வந்தது. இரண்டு பேர் அழுதார்கள். அவள் அழவில்லை.

கடைசியாக மிஞ்சியது அந்தக் கப்ளிங்.

போல்ட்டுகள் துருவில் இறுகிக் கிடந்தன. விளக்குத் தீயில் சுடவைத்து, எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. நாலாவது போல்ட்டு கழன்றபோது றப்பர் இரண்டு துண்டாக அவன் கையில் விழுந்தது. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் கிழிந்திருந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். சீதேவிப்பிள்ளை தேயிலைக் கோப்பையோடு வந்தாள்.

“அக்கா,” என்றான். இரண்டு துண்டையும் தூக்கிக் காட்டினான். திரும்பவும், “அக்கா, இது உப்புல இத்துப் பிஞ்சது இல்ல. அண்டைக்கே பிஞ்சது. நான் போட்ட றப்பர்.”

அவள் கோப்பையை அவனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“தெரியும்.”

லூர்து நிமிர்ந்து பார்த்தான்.

“நான் அவருக்குப் பின்னால இருந்தன். வளைவு வந்ததும் அவர் சுத்தினார். முழுச் சுத்துச் சுத்தினார். ‘சீதேவி, பிடிக்குதில்லடி’ எண்டார். கடைசியா அவர் பேசினது அதுதான்.”

“இவ்வளவு நாளும் ஏனக்கா என்னட்டக் கேக்கல்ல?”

“கேட்டா நீ ஓம் எண்டு சொல்லுவாய். மறுகா உன்ன நான் என்ன செய்ய? அடிக்கவா? பிலோமினா கடல் வத்தின அண்டைக்கு என்ட மகளக் குளிப்பாட்டி அடக்கின பொம்புள. அதுக்குப் பிறகு உதயனையும் கொண்டுபோயிற்றாங்க. ஒராளோட கோவிக்கிறதுக்கும் ஒரு தெம்பு வேணும் தம்பி. என்னட்ட அது இல்லாமப் போச்சு.”

“அவருக்கு நான் சொன்னன் அக்கா, ஆக்கள ஏத்தாதீங்க எண்டு. ஆனா வடிவாச் சொல்லல்ல. அவசரத்தில சொன்னன். என்ன மன்னிச்சு…”

“அதுக்கு இப்ப எனக்கு நேரமில்ல,” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அரிசி இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். “அண்டைக்கு நீ போட்டது பிஞ்சுது. இண்டைக்குப் பிய்யாமப் போடு. தேயில ஆறுது, குடி.”

லூர்து சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்க்காற்றில் கல்முனைக்குப் போனான். அங்கே பழைய மில் சாமான் கடை வைத்திருந்த சரீப் காக்காவிடம் விசயத்தைச் சொன்னான். சரீப்பின் வீட்டிலும் கடல் மூன்று பேரைக் கொண்டுபோயிருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் கடைக்குப் பின்னால் போய், நெல்லு மில் ஓட்டுகிற பட்டியில் ஒரு முழம் அறுத்துக்கொண்டு வந்தார்.

“நாலு துணி அடுக்கு. ஆனையக் கட்டினாலும் அறாது. கொண்டு போ.”

“எவ்வளவு காக்கா?”

“புள்ள வரட்டும். வந்து சொல்லு, போதும்.”

அந்தப் பட்டியிலிருந்து ஒரு வட்டம் வெட்டி எடுக்க லூர்துவுக்கு ஒரு முழுப்பகல் பிடித்தது. மட்டையில் அளவு கீறி, அதைப் பட்டியில் வைத்து, சவர்க்காரத் தண்ணி தொட்டுத் தொட்டுக் கத்தியை இழுத்தான். ஓட்டைகளைச் சுட்டுப் போடவில்லை. குழாய்த் துண்டைத் தீட்டி, தட்டித் துளைத்தான். இரண்டு பக்கமும் உருக்குத் தகடு வைத்தான். றப்பர் என்றைக்காவது கிழிந்தாலும் தண்டு கீழ்ப்பெட்டியை விட்டுப் போகாதபடி குறுக்கே இரண்டு ஆணி கொடுத்தான். இதையெல்லாம் அன்றைக்கும் அவனுக்குச் செய்யத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நட்டாக இறுக்கும்போதும் அந்த நினைவு வந்து நின்றது.

பின்னேரம் ஓடிப் பார்க்கப் புறப்பட்டான். சீதேவிப்பிள்ளை சீலையை மாற்றிக்கொண்டு வந்து, ஓட்டுநர் ஆசனத்துக்குப் பின்னால் ஏறி இருந்தாள்.

“நீங்க வேணாம் அக்கா.”

“ஓட்டு.”

பாலத்து வளைவு வந்தபோது அவனுடைய உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங்கில் வழுக்கியது. அவன் சுற்றினான். கார் இடப்பக்கம் வளைந்து பாலத்தில் ஏறிற்று. கண்டல் மரங்கள் ஒருபக்கமாக விலகிப் போயின. பாலத்துக்கு அங்கால் கொண்டுபோய் நிறுத்தினான். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தான். அவள் முன்ஆசனத்தின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

“இவ்வளவுதான் திரும்ப வேண்டியிருந்தது,” என்றாள்.

அந்த மட்டக்களப்புத் தரகன் வெள்ளிக்கிழமை வந்தான். வெள்ளைச் சேட்டு, கையில் இரண்டு போன். காரைச் சுற்றி நடந்தான். எஞ்சினை முடுக்கச் சொன்னான். தானே ஏறி இருந்து ஸ்டியரிங்கை அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்ல வேல,” என்றான். சீதேவிப்பிள்ளை உதயரூபனின் படத்தையும் ஒரு பையில் இரண்டு சேட்டும் ஒரு சறமும் கொடுத்தாள்.

“அவனுக்கு உடுப்பு இருக்கோ என்னமோ. இதக் குடுத்திடுங்க.”

“கிழமைக்குள்ள புள்ளையே வந்திடுவான் அம்மா.”

கார் போயிற்று. வளைவில் நன்றாகத் திரும்பிப் போயிற்று. லூர்து அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு கிழமை போனது. இரண்டு போனது. சீதேவிப்பிள்ளை ஒவ்வொரு நாளும் கராஜுக்கு வந்து லூர்துவின் போனில் தரகன் தந்த நம்பருக்கு எடுக்கச் சொன்னாள். முதலில் மணி அடித்தது. பிறகு மணியும் அடிக்கவில்லை. உதயனின் பேரையும் நெற்றிக் காயத்தையும் ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள் என்று லூர்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்கவேணும். ஒருநாள் அவள் போன் எடுக்கச் சொல்லவில்லை.

“செட்டிகுளத்துக்குப் போவம். நீ வாறியா?”

இரண்டு பஸ் மாறி, ஏழெட்டு இடத்தில் இறங்கிச் சோதனைக்கு நின்று, மறுநாள் காலை போய்ச் சேர்ந்தார்கள். வெள்ளைக் கூடாரங்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் தெரிந்தன. இந்தப் பக்கம் ஒரு முட்கம்பி வேலி, நாலு முழம் விட்டு இன்னொரு வேலி. இரண்டுக்கும் நடுவில் ஆமி நடந்து திரிந்தான். வேலியின் இரு பக்கமும் நூற்றுக்கணக்கான சனம் ஒரே நேரத்தில் கத்திப் பேசிற்று. பதிவுக் கொட்டிலில் உதயரூபன் என்ற பேரில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவனும் கல்லாறு இல்லை. சீதேவிப்பிள்ளை இன்னொரு படத்தை மட்டையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வேலி நீளத்துக்கும் நடந்தாள். லூர்து தண்ணிப் போத்தலோடு பின்னால் நடந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது.

மத்தியானம் கழிந்து, அந்தப் பக்கம் நின்ற ஒரு பெட்டை கையைக் காட்டி நிறுத்தினாள். இருபது வயதிருக்கும். மொட்டை அடித்த தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

“அது கல்லாத்து உதயனா அம்மா?”

“ஓம் மகள். ஓம். நீ எவடம்?”

“கதிரவெளி. எங்களோடதான் கடைசியா இருந்தவர். கடல் வந்த அண்டைக்குக் கண்டல் மரத்தப் பிடிச்சுத் தப்பின கதையெல்லாம் சொல்லுவார்.”

“இப்ப எங்க மகள்? வேற கேம்பா?”

பெட்டை தலைத் துண்டை இழுத்துக் கட்டினாள். பிறகு சத்தம் போட்டுத்தான் சொல்லவேண்டியிருந்தது. மெல்லச் சொன்னால் இரண்டு வேலியைத் தாண்டிக் கேட்காது.

“சித்திரையில, புதுமாத்தளன்ல. செல் விழுந்தது. நான்தான் கண்ண மூடிவிட்டன் அம்மா. பங்கருக்குள்ளயே மண் போட்டம்.”

சித்திரை. அந்த ஆள் காரைக் கேட்டு வந்ததற்கு இரண்டு மாதம் முன்னம். லூர்து சீதேவிப்பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கவென்று கையை நீட்டினான். அவள் விழவில்லை. பெட்டையைப் பார்த்துக் கேட்டாள், “நீ சாப்பிட்டியா மகள்?”

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பொரிவிளாங்காய் உருண்டைகளை ஒவ்வொன்றாக வேலிக்கு மேலால் எறியச் சொன்னாள். லூர்து எறிந்தான். இரண்டு உருண்டை நடுவில் விழுந்தன. மற்றதெல்லாம் பெட்டையின் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

திரும்பி வரும் பஸ் பொலன்னறுவையைத் தாண்டும்வரை அவள் படத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். பிறகு யன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

“ஊரில கேட்டா, புள்ளயக் கண்டம் எண்டு சொல்லு.”

“அக்கா…”

“கண்டம். கம்பிக்கு அங்கால நிண்டான். கதைச்சான். விடக் கொஞ்ச நாள் செல்லுமாம். அவ்வளவும் சொன்னாப் போதும்.”

“எவ்வளவு நாளைக்கு அக்கா அப்பிடிச் சொல்ல ஏலும்?”

“ஏலுமான நாளைக்கு. செத்த வீடெண்டு சனம் வந்து பாய் விரிச்சிருக்கும். அந்த வீட்டில ரெண்டு பேருக்குப் பாய் விரிச்சாச்சு. மூண்டாவது தரம் என்னால ஏலாது. உன்னட்ட நான் வேற ஒண்டும் கேக்கல்ல, இத மட்டும் செய்.”

அவன் தலையை ஆட்டினான்.

கல்லாற்றுச் சந்தியில் இறங்கியபோது காலை ஒன்பது மணி. கச்சான் இன்னும் விடவில்லை. சீதேவிப்பிள்ளை றோட்டைக் கடந்து தன் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். பிலோமினா மாவு ஒட்டிய கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

“புள்ளயக் கண்டீங்களா?”

“கண்டம்,” என்றான் லூர்து.

“மெய்யாத்தானா? எப்பிடி இருக்கான்?”

அதற்கு என்ன சொல்வதென்று சீதேவிப்பிள்ளை சொல்லித் தரவில்லை.

“மெலிஞ்சு போனான்,” என்றான். பிலோமினா இன்னும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஆனா நல்லா வளந்துட்டான். என்ட தோளுக்கு மேல நிக்கான். தகப்பன்ட சிரிப்பு.”

பிலோமினா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாதாவே, மாதாவே என்று இரண்டு தரம் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அடுப்பிலிருந்து இறக்கிய பிட்டை ஒரு பாத்திரத்தில் போட்டு மூடினாள்.

“அவ வழி நெடுக ஒண்டும் திண்டிருக்கமாட்டா. இண்டைக்காவது வயிறாரச் சாப்பிடட்டும்,” என்று சொல்லிக்கொண்டு, பாத்திரத்தைச் சீலைத் தலைப்பால் பிடித்தபடி றோட்டைக் கடந்து போனாள்.

லூர்து முற்றத்தில் நின்று, அந்த வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் எழும்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கன நேரம் நின்றான். பிலோமினா ஏதோ கேட்பதும், சீதேவிப்பிள்ளை நிதானமாகப் பதில் சொல்வதும் மட்டும் கேட்டது.